கிருமி நல்லதா கெட்டதா: முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: வீட்டில் பதினொரு மாதக் குழந்தை தவழ்கிறது. ‘99.9% கிருமிகளைக் கொல்லும்’ என்று எழுதியிருக்கும் திரவத்தை ஊற்றித் தினமும் இரண்டு முறை தரையைத் துடைக்கிறேன். ‘நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்கிறாய்’ என்கிறார் அண்ணன். மாவைக் கையால் கரைத்தால்தான் புளிக்கும், கரண்டி ஆகாது என்கிறார் மாமியார். உண்மையில் கிருமி நல்லதா, கெட்டதா?

பதில்:

மாமியார் சொன்னதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதில்தான் வம்பு இருக்கிறது.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தேன். முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரம் ஒரு சோதனை வைப்பேன். அகர் (கிருமிகளை வளர்க்கும் கூழ்) ஊற்றி உறையவைத்த தட்டின் அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியில் கழுவாத விரலை மெல்ல ஒற்ற வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட்டு, அதே விரலை மறு பாதியில் ஒற்ற வேண்டும். 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால், காலையில் தட்டு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் குவியல். வகுப்பில் நாலைந்து பேருக்காவது கழுவிய பக்கத்தில்தான் புள்ளிகள் அதிகமாக இருக்கும். முகம் வாடிப்போகும். ‘சார், நான் ஒழுங்காகத்தான் கழுவினேன்.’

ஒழுங்காகத்தான் கழுவியிருப்பார்கள். தோலின் இடுக்குகளிலும் மயிர்க்கால்களிலும் பரம்பரையாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. தேய்த்துக் கழுவும்போது அவை கிளறப்பட்டு மேலே வருகின்றன, தட்டில் முளைப்பவை பெரும்பாலும் அவைதான். சோப்பு எடுத்துச் செல்வது பஸ் கம்பியிலிருந்தும் கழிவறைக் கதவிலிருந்தும் வந்து ஒட்டிய வழிப்போக்கர்களை. நோய் கொண்டுவருவது அநேகமாக அந்த வழிப்போக்கர்கள் என்பதால் கழுவியது வீணில்லை. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படக் கூடாது, வந்திருப்பது யார், எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சோதனை.

உங்கள் கேள்விக்கும் இதுவே என் பதில். கிருமிகளை நல்லவை, கெட்டவை என்று இரண்டு டப்பாக்களில் போட முடியாது. ஒரே கிருமி ஓரிடத்தில் சமையற்காரர், இன்னோர் இடத்தில் திருடர். இதற்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த சாட்சி உங்கள் மாவுப் பாத்திரத்திலேயே இருக்கிறது.

லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டெஸ். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். உளுந்தும் அரிசியும் வயலிலிருந்து வரும்போதே இதையும் மேலே ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஊறவைத்து அரைத்ததும் இது விழித்துக்கொண்டு மாவிலுள்ள சர்க்கரைகளைத் தின்று, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அமிலத்தால் மாவு புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்துவைக்கிறது. உளுந்தைக் குறைத்தால் இட்லி கல்லாவது இதனால்தான். காலையில் மூடியைத் திறந்து கரண்டியை இறக்கும்போது மாவு பொசுக்கென்று அமுங்குகிறதே, அது இரவெல்லாம் சேர்ந்த வாயு வெளியேறுவது. புளிப்பு ஏறிய பிறகு, அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் வந்து வேலையைத் தொடரும். (இட்லி சாப்பிட்டால் நல்ல பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குள் போகும் என்று ஒரு செய்தி கைபேசியில் சுற்றுகிறது. பத்து நிமிடம் கொதிநீராவியில் வெந்த பிறகு அவற்றில் எது உயிரோடு இருக்கும்? இட்லி எளிதில் செரிக்கும், அது உண்மை. உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் தயிருக்குப் போங்கள், நீராகாரத்துக்குப் போங்கள்.)

அதே லியூக்கோநாஸ்டாக்கைச் சர்க்கரை ஆலையில் பாருங்கள். மாணவர்களை ஓர் ஆலைக்கு அழைத்துப் போயிருந்தேன். சாறு ஓடும் வாய்க்காலின் ஓரத்தில், ஜவ்வரிசிக் கஞ்சி ஆறியதுபோலக் கொழகொழவென்று ஒன்று படிந்திருந்தது. வேதியியலாளர் அதைக் குச்சியால் தூக்கிக் காட்டினார், நூலாக இழுத்தது. வெட்டிய கரும்பு வயலில் கிடக்கக் கிடக்க, வெட்டு வாய் வழியாக இந்தப் பாக்டீரியா உள்ளே போய்ச் சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக மாற்றுகிறது. டெக்ஸ்ட்ரான் சேர்ந்த சாறு கெட்டியாகி வடிகட்டிகளை அடைத்துக்கொள்ளும், சர்க்கரைப் படிகங்கள் ஊசி ஊசியாக நீண்டு உருக்குலையும். வெட்டிய கரும்பைச் சீக்கிரம் ஆலைக்குக் கொண்டுவரச் சொல்லி அவசரப்படுத்துவது எடை குறையும் என்பதற்காக மட்டும் இல்லை. அங்கே இந்தக் கிருமிக்கு மரியாதையே கிடையாது, வெந்நீரும் நீராவியும் அடித்து விரட்டுகிறார்கள்.

கதை இன்னும் முடியவில்லை. அதே பிசினைச் சுத்தம் செய்து, இரத்தம் இழந்தவர்களின் இரத்தக் குழாய்களில் திரவ அளவை நிலைநிறுத்த ஏற்றலாம் என்று 1940களில் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள். டெக்ஸ்ட்ரான் மருந்தாகப் பல ஆண்டுகள் பயன்பட்டது. இரும்புச்சத்து ஊசி ஒன்றிலும் அது இருக்கிறது. பாக்டீரியா மாறவே இல்லை, மாவிலும் ஆலையிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. நமக்குத்தான் ஓரிடத்தில் அது வேண்டியது, இன்னோர் இடத்தில் வேண்டாதது.

உளுந்து என்றதும் அதன் வேரையும் சொல்லாமல் விட முடியவில்லை. டெல்டாவில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த தாளடியில் உளுந்து எழுந்து நிற்கும். விதைப்பதற்கு முன் ரைசோபியம் என்ற வேர் பாக்டீரியாவின் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பிசிறி, நிழலில் உலர்த்துவார்கள். ஒரு மாதச் செடியைப் பக்குவமாகத் தோண்டி எடுத்து வேரை அலசினால் கடுகு, மிளகு அளவில் முண்டுகள் தெரியும். நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முண்டு தூங்குகிறது. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். அதனால் செடி இந்தச் சிவப்புப் புரதத்தைச் செய்து, தாராளமாகத் திரியும் ஆக்சிஜனைக் கட்டிப்போடுகிறது. பாக்டீரியாவுக்கு வீடும் சாப்பாடும் செடி தருகிறது, பாக்டீரியா யூரியா மூட்டையின் செலவை மிச்சம் பிடிக்கிறது.

இனி உடம்புக்கு வருவோம். மனித உடலில் நம் செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று நானே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1970களில் போட்ட ஒரு தோராயக் கணக்கு அது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2016-இல் திரும்ப எண்ணிப் பார்த்தார்கள். சராசரி ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் சுமார் 30 லட்சம் கோடி மனித செல்களும் இருக்கின்றன, ஏறக்குறைய சரிசமம். அத்தனை பாக்டீரியாக்களும் சேர்ந்து எடை சுமார் 200 கிராம்தான். இரண்டு கிலோ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த 200 கிராமில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. ஈ. கோலை அங்கே ஒரு சிறுபான்மைக் குடிமகன். 1885-இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். குடலில் இருக்கும்வரை தொந்தரவு செய்யாது, கொஞ்சம் வைட்டமின் கே-யும் செய்து தருகிறது. அங்கிருந்து சில அங்குலம் தள்ளிச் சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால் எரிச்சல், காய்ச்சல். சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். பெண்களுக்கு அந்தத் தூரம் குறைவு என்பதால்தான் அவர்களுக்கு இத்தொற்று அதிகம். (இந்த இனத்திலேயே நஞ்சு சுரக்கும் சில ரகங்கள் உண்டு. அவை வந்தால் குடலிலும் விருந்தாளி ஆகாது.) இதே ஈ. கோலைக்குள் மனித இன்சுலின் மரபணுவைப் புகுத்தித் தொழிற்சாலைத் தொட்டிகளில் வளர்த்ததில்தான், 1982 முதல் மனித இன்சுலின் மருந்தாகக் கிடைக்கத் தொடங்கியது. உங்கள் குடும்பத்தில் யாராவது இன்சுலின் போட்டுக்கொண்டால், இந்தக் கிருமிக்கு அவர்கள் கடன்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

உங்கள் குழந்தைக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதிகமாக இருப்பது ஒருவகைச் சிக்கலான சர்க்கரைகள். குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. செரிக்காததைத் தாய் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுச் சுரக்க வேண்டும்? அது குழந்தையின் குடலிலுள்ள பிஃபிடோபாக்டீரியங்களுக்கான சாப்பாடு. அவை அதைத் தின்று குடலைச் சற்று அமிலமாக்கி வைப்பதால் பல நோய்க்கிருமிகளுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. குழந்தைக்கு ஊட்டும்போது நீங்கள் ஒரு பந்திக்கே பரிமாறுகிறீர்கள்.

‘இடம் கிடைப்பதில்லை’ என்றேன் அல்லவா, குடல் பாக்டீரியாக்கள் செய்யும் உபகாரங்களில் பெரியது அதுதான் என்பேன். சும்மா உட்கார்ந்து நாற்காலியைப் பிடித்துவைத்திருப்பது. அவர்களை எழுப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், சுருக்கமாக சி. டிஃப் என்று மருத்துவர்கள் சொல்லும் கிருமி. வேறு எதற்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, குடல் பாக்டீரியாக்கள் அழிந்த நோயாளிக்கு இது தலையெடுக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது. மறுபடி ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். நெதர்லாந்து மருத்துவர்கள் இதற்கு ஒரு வைத்தியத்தைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, மூக்கு வழியாகச் செலுத்திய குழாய் மூலம் நோயாளியின் சிறுகுடலுக்குள் விட்டார்கள். ஒரே தடவையில் 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வழக்கமான மருந்து மட்டும் எடுத்தவர்களில் 13 பேருக்கு 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். முகம் சுளிக்காதீர்கள், காலியான நாற்காலிகளில் பழைய ஆட்களைத் திரும்ப உட்காரவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கொடையாளரைப் பலவிதமாகப் பரிசோதித்த பிறகு மருத்துவமனையில் செய்வது இது. சளிக்கு வைரஸ் காரணம், ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. மருந்துக் கடையில் ‘மூன்று மாத்திரை கொடுங்கள்’ என்று வாங்கி விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எல்லாமே இடத்தைப் பொறுத்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். வெறிநாய்க்கடி வைரஸுக்கு நம் உடம்பில் எந்த இடத்திலும் நல்ல முகம் இல்லை. காசநோய்க் கிருமியும் அப்படித்தான். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் ஏராளமானவர்களில், பத்துப் பேருக்கு ஒன்பது பேர் நோயாளி ஆவதே இல்லை. உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே பூட்டி வைக்கிறது. இந்தக் கிருமி விஷயத்தில் உலகம் நம் ஊரிலிருந்து ஒரு பாடம் கற்றது. காசநோயாளியை மலைக்காற்று வீசும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று அப்போது நம்பினார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சானடோரியம், மறு பாதிக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடு, சொற்பச் சாப்பாடு. மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959-இல் முடிவு வந்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்றும் அதனால் கூடவில்லை. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. இங்கே வேலை செய்தது இடம் இல்லை, விடாமல் சாப்பிட்ட மாத்திரை.

காலரா இன்னும் விசித்திரம். அந்தக் கிருமியின் சொந்த ஊர் மனிதக் குடலே இல்லை, உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரங்கள். அங்கே இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான நுண்ணிய மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறது. பெரும்பாலானவற்றிடம் நஞ்சு செய்யும் மரபணுவே கிடையாது. அந்த மரபணுவை ஒரு வைரஸ் பாக்டீரியாவுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது என்று 1996-இல் கண்டார்கள். ஆளைக் கொல்வது அந்த நஞ்சுதான் என்று அதற்கு வெகு முன்பே, 1959-இல், கல்கத்தாவில் முயல்களின் குடலில் சோதித்துக் காட்டியவர் சம்பு நாத் தே. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் ஓர் எளிய காரியம் செய்தார்கள். பழைய பருத்திச் சேலையை நான்கு முறை மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் மொள்ளச் சொன்னார்கள். பாக்டீரியா தனியாக வந்தால் அந்தத் துணியில் நிற்காது, ஊடுருவிப் போய்விடும். ஆனால் அது ஏறிவந்த வண்டி, அந்த மிதவை உயிரி, நின்றுவிடும். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, 48% என்று 2003-இல் எழுதினார்கள். புதுச் சேலையை விடப் பழையது நல்லது: துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து ஓட்டைகள் சிறிதாகிவிடுகின்றன. (படித்துவிட்டு நீங்கள் இதை முயல வேண்டாம். உங்கள் வீட்டில் காய்ச்ச வசதி இருக்கிறது, காய்ச்சுங்கள்.)

இப்போது உங்கள் தரை. ஒரு கோடி கிருமியில் 99.9% செத்தால் மீதி பத்தாயிரம். ஈ. கோலை மாதிரி ஒன்று நல்ல ஈரமும் உணவும் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். பத்து முறை இரட்டித்தால் பத்தாயிரம் திரும்ப ஒரு கோடி, மூன்று மணி இருபது நிமிட வேலை. நல்லவேளையாக உலர்ந்த தரையில் அவற்றுக்கு ஈரமும் இல்லை, உணவும் இல்லை. ஆகவே தரையைக் காப்பாற்றுவது பாட்டிலை விட அதிகமாக உலர்ச்சிதான். சாதாரண சோப்புத் தண்ணீரில் ஒரு முறை துடைத்து, ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள், போதும். கிருமிநாசினியின் மிச்சம் தரையில் படிந்து, குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போவதுதான் என் கவலை. ஆன்டிபாக்டீரியல் சோப்புக்கும் தனிப் பெருமை கிடையாது. சாதாரண சோப்பை விட மேல் என்று நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிகொல்லிப் பொருள்களைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியது.

பாட்டிலை எடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் கழிவறை, தண்ணீர்க் குழாய், கதவுப் பிடி. கோழி வெட்டிய பலகையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிறகு கொதிநீர். பால் புட்டி கொடுத்தால் அதைக் கொதிக்கவைக்க வேண்டும், அதில் சமரசமே இல்லை. கழிவறையில் ப்ளீச்சையும் அமிலத்தையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். குழந்தைக்கு ஊட்டுவதற்கு முன்னும், அதற்குக் கால் கழுவிவிட்ட பின்னும் உங்கள் கை. இவ்வளவையும் செய்துவிட்டுத் தரையை மறந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணன் சொன்னதில் பாதி சரி. மாட்டுக் கொட்டிலோடு ஒட்டி வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவு என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு தெருமண்ணில் விடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் தெருமண்ணில் நாயின் கழிவும் கொக்கிப்புழுவும் இருக்கும். சொந்த வாசல் மண், செடித் தொட்டி, பாட்டியின் மடி, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று அளவாக இருக்கட்டும்.

கடைசியாக மாமியார். ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றைக் கையாலும் மற்றதைக் கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியாலும் கரைத்து மாணவர்களிடம் கொடுத்திருக்கிறேன். காலையில் இரண்டும் பொங்கியிருந்தன. பாக்டீரியா பருப்போடும் அரிசியோடும் வருகிறது, கையை அது எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மார்கழிக் குளிரில் கரண்டி மாவு சற்றுப் பின்தங்கியது, கையின் சூடு மாவுக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்று நினைத்தேன். அடி வரை துழாவி உப்பையும் உளுந்தையும் அரிசியையும் ஒன்றாக்குவதில் கரண்டி கைக்கு ஈடாகாது என்பதும் உண்மை. கையைக் கழுவிக்கொண்டு கரைக்கட்டும். என் வீட்டில் கரண்டியால் கரைத்த மாவில் ஒருநாள் தோசை உப்புக் கரித்தது, அன்றிலிருந்து நானும் கையால்தான் கரைக்கிறேன்.